ஒலி மெலிவு

'அட்டெனுவேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், மெல்லியது என்று பொருள்படும் 'டெனுயிஸ்' என்னும் இலத்தீன் சொல். மெலியச் செய்தல் என்பதே அதன் முதற்பொருள். ஒலியியலில், அலை செல்லச் செல்ல வலிமை குன்றுவதை அது குறிக்கும். தமிழில் தணிப்பு, தேய்வு, மெலிவு ஆகிய மூன்றையும் இதற்கு ஆளலாம். ஆனால் தணிப்பு, சைலன்சர் செய்வதுபோல வேண்டுமென்றே குறைப்பதைச் சுட்டும். தேய்வு, உராய்வை மட்டும் நினைவூட்டும். ஆகவே மெலிவே பொருத்தம் என்பேன். செய்யுளில் வல்லெழுத்து மெல்லெழுத்தாகத் திரிவதை 'மெலித்தல்' என்கிறது நன்னூல். அதை இயற்றிய பவணந்தியைச் சீனாபுரத்தார் என்று கொங்கு நாட்டில் கொண்டாடுகிறோம்.

திறந்தவெளியில் ஒலி குன்றுவதற்குப் பெருங்காரணம் அது எல்லாப் பக்கமும் பரவுவதே. தொலைவு இரட்டிக்குந்தோறும் 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) குறையும். குழாய்க்குள் அவ்வாறு பரவ இடமில்லை. அங்கே சுவரை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கில் எழும் உராய்வும், அவ்வடுக்கிலிருந்து சுவருக்குக் கடக்கும் வெப்பமுமே பெரும்பகுதி ஆற்றலைத் தின்கின்றன. பாரிசில் ஏறத்தாழ 951 மீட்டர் நீள இரும்புக் குழாயின் ஒரு முனையில் முணுமுணுத்ததை மறுமுனையில் கேட்க முடிந்ததாக, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் பியோ எழுதியது இதனால்தான்.

1868-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கிர்க்காஃப் வகுத்த கோட்பாட்டின்படி, மெலிவு அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும் குழாயின் ஆரத்துக்கு எதிர்விகிதத்திலும் அமையும். சாதாரண வெப்பநிலைக் காற்றுக்கு, ஹெர்ட்சில் (நொடிக்கு இத்தனை அதிர்வு என்னும் அலகில்) உள்ள அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை மீட்டரில் அளந்த ஆரத்தால் வகுத்து, 0.00026-ஆல் பெருக்கினால், மீட்டருக்கு இத்தனை டெசிபல் என்று கிடைக்கும்.

தண்ணீர் வற்றிய ஆறரை அங்குல விட்டமுள்ள போர் (ஆழ்துளைக் கிணறு) ஒன்றை எடுத்துக்கொள்வோம், ஆரம் 0.0825 மீட்டர். 1000 ஹெர்ட்சு ஒலி மீட்டருக்கு 0.1 டெசிபல் வீதம், ஆயிரம் அடியில், அதாவது சுமார் 300 மீட்டரில், 30 டெசிபல் மெலியும். 100 ஹெர்ட்சு ஒலியோ ஒன்பதரை டெசிபல் அளவே இழக்கும். போருக்குள் போட்ட கல்லின் சத்தம் கணீரென்று எழாமல் 'தும்' என்று மேலே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கேசிங் பைப் மேல்மண் உள்ள வரைக்கும்தான் இறக்கப்படுகிறது. அதற்குக் கீழே சொரசொரப்பான பாறையே சுவர் என்பதால், உண்மை மெலிவு கணக்கைவிடக் கூடுதலாகவே இருக்கும். மேலும், இவ்வகலத்தில் ஏறத்தாழ 1200 ஹெர்ட்சுக்கு மேல் அலை குறுக்காகவும் மோதித் திரும்பிச் செல்லக்கூடுமாதலால், அதற்கு இந்தச் சூத்திரத்தை அப்படியே போடக் கூடாது.