காரில் எந்தத் தீயணைப்பான் வைக்கலாம்?

தீயணைப்பான்களை ரீஃபில் செய்து பராமரிப்பது என் தொழில். பெட்ரோல், டீசல் கார்களுக்கு நான் சொல்வது ஒரு கிலோ ஏ.பி.சி. பவுடர் வகைதான். சீட், மேட், ஒயர் உறை எரிந்தாலும், பெட்ரோலோ ஆயிலோ எரிந்தாலும் அது கேட்கும். கார்பன் டை ஆக்சைடு மூடிய அறைக்கு நல்லது, சென்னை ஜி.எஸ்.டி. சாலை மாதிரி திறந்த இடத்தில் அடித்தால் காற்றில் கலைந்துவிடும். அதன் சிலிண்டரும் கனம்.

அரை கிலோ போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு கிலோவே சுமார் எட்டுப் பத்து விநாடிதான் வரும். அதற்கும் கீழே போக வேண்டாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 15683 என்ற எண், தயாரித்த தேதி, பிரஷர் காட்டும் மீட்டர் எல்லாம் இருக்கிறதா பாருங்கள். லேபிளில் 'மேப் 50', 'மேப் 90' என்று போட்டிருக்கும். பவுடரில் தீயை அணைக்கும் மருந்து எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த எண். 90 கொஞ்சம் விலை கூட. பரவாயில்லை, அதையே வாங்குங்கள்.

அப்புறம், எங்கே வைப்பது? பலரும் டிக்கியில் போட்டுவிடுகிறார்கள். தீப்பிடித்த வண்டியில் டிக்கியைத் திறந்து, பைகளை விலக்கித் தேட நேரம் இருக்காது. முன் சீட்டுக்குக் கீழே பிராக்கெட் போட்டு இறுக்குங்கள். உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்விடக் கூடாது. சென்னை வெயிலில் டாஷ்போர்டு மேலேயும் வைக்காதீர்கள்.

யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வண்டி ஓடும் அதிர்வில் பவுடர் கீழே இறுகிவிடும். சர்வீஸுக்கு வரும் சில சிலிண்டர்களைத் திறந்து கவிழ்த்தால் ஒரு பொட்டுப் பவுடர் விழாது. அடியில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். மீட்டரில் முள் மட்டும் பச்சையில் நின்றிருக்கும். அடித்தால் வெறும் காற்றுதான் வரும். மாதம் ஒருமுறை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, அடியில் உள்ளங்கையால் தட்டுங்கள். பவுடர் சரிவது கைக்குத் தெரியும்.

பானெட்டிலிருந்து புகை வந்தால் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிட்டு 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். பானெட்டை முழுசாகத் தூக்காதீர்கள். காற்று புகுந்து தீ எழும்பும். உள்ளே லீவரை இழுத்ததும் கிடைக்கும் இடுக்கு வழியாகவே அடியுங்கள். தீ பெரிதாகிவிட்டாலோ, கேஸ் கசிந்தாலோ கிட்டப் போகாதீர்கள். கார் போனால் போகட்டும். எலக்ட்ரிக் காரில் பேட்டரி எரிந்தால் இந்தப் பவுடருக்கு அடங்காது. தூரப் போய்விட்டு, எலக்ட்ரிக் வண்டி என்பதைப் போனிலேயே சொல்லுங்கள்.

கொஞ்சமே அடித்திருந்தாலும் ரீஃபில் செய்தாக வேண்டும். வால்வில் ஒட்டிய பவுடர் வழியே பிரஷர் மெல்ல இறங்கிவிடும். பவுடர் பட்ட இன்ஜினையும் மெக்கானிக்கிடம் காட்டிச் சீக்கிரம் சுத்தம் செய்யுங்கள். ஈரம் பட்டால் அது உலோகத்தை அரிக்கும், கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் தள்ளிப்போடவே வேண்டாம்.