ஃபர்னிச்சர்: எண்ணக்கூடிய பொருளுக்கு எண்ணாத பெயர்

கடைப் பலகைகளில் ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கில இலக்கணப்படி அந்தக் கடைசி ‘ஸ்’ தப்பு. அந்த மொழியில் ஃபர்னிச்சர் அன்கவுன்டபிள் நவுன், அதாவது எண்ணாப் பெயர். நாற்காலியை எண்ணலாம், கட்டிலை எண்ணலாம். இரண்டையும் சேர்த்து ஃபர்னிச்சர் என்று சொல்லிவிட்டால் எண்ணக் கூடாது. அரிசி, தண்ணீர் மாதிரி ஆகிவிடும். எண்ணியே ஆகவேண்டும் என்றால் ‘பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’ என்று முன்னால் ஒரு துண்டைப் போட வேண்டும். லக்கேஜும் இதே சாதி.

இதைக் கலெக்டிவ் நவுன் என்று சிலர் சொல்வார்கள். அது வேறு. கூட்டத்துக்குப் பெயரான ‘டீம்’ ஒன்று, இரண்டு என்று எண்ணத்தக்கது.

சரி, நம் வாயில் மட்டும் ‘நாலு ஃபர்னிச்சர் வாங்கினேன்’ என்று எப்படித் தடையில்லாமல் வருகிறது? நன்னூல் பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பிரிக்கிறது. எண்ணும் பெயர், எண்ணாப் பெயர் என்ற பிரிவு அதில் இல்லை. இருப்பது பால்பகா அஃறிணைப் பெயர். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டும் சரி. மாடு ஒன்றா பலவா என்பதை வினைதான் காட்டும். ‘நாலு நாற்காலி போடு’ என்பதில் ‘கள்’ இல்லை என்று யாரும் குறைப்படுவதில்லை. ஃபர்னிச்சரையும் நம் காது அந்த வரிசையில் உட்கார வைத்துவிட்டது.

பிரெஞ்சில் ‘ஃபூர்னிர்’ என்றால் வழங்குதல், தேவையானதைக் கொடுத்து நிரப்புதல். அதிலிருந்து வந்த ‘ஃபூர்னித்யூர்’தான் ஆங்கிலத்தில் ஃபர்னிச்சர் ஆனது. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் மேசை நாற்காலியை அந்தச் சொல்லால் குறிப்பதில்லை. அவர்களுக்கு அது ‘மபிள்’, நகர்த்தக்கூடியது என்ற பொருள். அதைத் தாராளமாக எண்ணுவார்கள்.

தமிழில் என்ன சொல்வது? பேச்சில் மரச்சாமான் உண்டு. ஆனால் ‘சாமான்’ பாரசீகம். தவிர, பிளாஸ்டிக் நாற்காலியையும் இரும்பு பீரோவையும் மரத்தில் எப்படிச் சேர்ப்பது? தட்டுமுட்டுச் சாமான் என்றால் பாத்திரம் பண்டமும் உள்ளே வந்துவிடும். இலங்கையில் தளபாடம் என்பது அன்றாட வழக்கு. அங்கே நாற்காலிக்கும் கதிரை என்றுதான் பெயர், போர்த்துக்கீசியச் சொல். நம் பக்கம் தளவாடம் என்றால் ராணுவ ஞாபகம் வருகிறது.

எழுத்தில் என் தேர்வு அறைகலன். கலன் என்றதும் பாத்திரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அணிகலன், படைக்கலன் என்பவற்றில் அது பாத்திரம் இல்லையே; பூணவும் ஏந்தவும் வேண்டியவை. அறைக்கு வேண்டியவை அறைகலன். தேவையானதைக் கொடுத்து நிரப்புவது என்ற மூலச் சொல்லின் பொருளுக்கும் இது பக்கத்தில் வருகிறது. அப்புறம், ‘மூன்று அறைகலன்’ என்றாலும் ‘மூன்று அறைகலன்கள்’ என்றாலும் பிழையில்லை.