உதிராத கொப்பைப் பாருங்கள்

மரங்களைச் சோதித்துப் பராமரிப்பது என் தொழில். செப்டெம்பர் கடைசியில் தொடங்கி ஒக்டோபர் முழுக்க எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே விஷயம்தான். "தம்பி, முன்வளவு மேப்பிள் பழுத்துக்கொண்டு வருது. வருத்தம் ஏதும் பிடிச்சிட்டுதோ தெரியேல்லை, ஒருக்கா வந்து பாருங்கோ." கனடாவில் ரொறன்ரோவை அண்டிய ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கம் முதல் வீடு வாங்கியவர்கள்தான் பெரும்பாலும். ஊரில் வேலிப் பூவரசின் இலை ஒன்றிரண்டாக மஞ்சளாகி விழுந்துகொண்டே இருக்கும். மரம் ஒருநாளும் மொட்டையாகாது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மூன்று கிழமைக்குள் ஒரு மரம் சிவந்து மொட்டையாவது பயத்தைத் தருவதில் புதுமையில்லை. மரம் சுகமாகவே இருக்கிறது என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுவேன். காசு வாங்கிக்கொண்டு வந்து பார்க்கவேண்டிய வேலை இல்லை அது.

நான் எதிர்பார்க்கிற அழைப்பு வேறு. "எல்லாக் கொப்பிலையும் இலை கொட்டிட்டுது, ஒரு கொப்பிலை மட்டும் காய்ஞ்ச இலை அப்பிடியே தொங்குது" என்று எவரும் எடுப்பதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இலை உதிர்வது காற்றோ குளிரோ மரத்துக்குச் செய்கிற அநியாயம் இல்லை. மரம் தானே செய்கிற வேலை. அந்த வேலையைச் செய்யக் கொப்புக்கு உயிர் வேண்டும். செத்த கொப்பு தன் இலையை உதிர்க்காது.

அது எப்படி என்று கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன்.

ரொறன்ரோவில் ஜூன் 21 ஆம் திகதி பகல் 15 மணித்தியாலத்துக்கும் மேல். ஒக்டோபர் நடுப்பகுதியில் அது 11 மணித்தியாலமாகக் குறைந்துவிடும். மரம் கணக்கெடுப்பது முதலில் இந்தப் பகல் நீளத்தைத்தான். ஒரு வருடம் ஒக்டோபர் வெக்கையாக இருக்கும், இன்னொரு வருடம் செப்டெம்பரிலேயே உறைபனி வரும். பகல் நீளம் மட்டும் வருடத்துக்கு வருடம் மாறாது. குளிர் பிறகு சேர்ந்து வேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான். தெருவிளக்குக்குக் கீழே நிற்கிற கொப்பு மற்றக் கொப்புகளைவிடப் பிந்திப் பச்சையாக நிற்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அந்தக் கொப்புக்கு இன்னும் பொழுதுபடவில்லை.

கோடை முழுக்க இலையிலிருக்கும் பச்சையம் வெயிலில் சிதைந்துகொண்டும், புதிதாக உருவாகிக்கொண்டும் இருக்கும். பகல் குறையத் தொடங்கியதும் மரம் புதுப் பச்சையம் செய்வதை நிறுத்துகிறது. இருப்பதையும் பிரித்தெடுக்கிறது. இலையிலுள்ள நைதரசன், பொசுபரசு எல்லாம் நிலத்திலிருந்து பாடுபட்டு உறிஞ்சியவை. அவற்றைச் சும்மா கீழே போட மரத்துக்கு மனம் வராது. நைதரசனில் ஏறத்தாழப் பாதியை, சில மரங்கள் அதற்கும் மேலே, கொப்புக்கும் பட்டைக்கும் வேருக்கும் திருப்பி இழுத்துக்கொள்கின்றன. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் தளபாடத்தையெல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் திறப்பைக் கொடுப்பார். நிறம் மாறுகிற அந்த இரண்டு மூன்று கிழமையும் சாமான் ஏற்றுகிற நேரம்.

பச்சை போனதும் மஞ்சள் தெரிகிறது. அது புதிதாக வந்த நிறமில்லை. கரட்டுக்கு நிறம் கொடுக்கிற கரோட்டீனும் அதன் உறவுகளும் வசந்தத்திலிருந்தே இலைக்குள் இருந்தவைதான், பச்சை மூடியிருந்தது. பேர்ச், அஷ், கிங்கோ, நோர்வே மேப்பிள் எல்லாம் இந்தக் கூட்டம்.

சிவப்பின் கதை வேறு. சிவப்பு மேப்பிளும் சுமாக்கும் வேலியில் படரும் வேர்ஜீனியாக் கொடியும் காட்டுகிற அந்த நிறம், உதிரப்போகிற இலையில் புதிதாகச் செய்யப்படுவது. அந்தோசயனின் என்று பெயர். ஊரில் மாமரம் துளிர்க்கும்போது தளிர் செம்பு நிறத்தில் மினுங்குமே, அங்கேயும் இதே பொருள்தான். அதைச் செய்யச் சீனி வேண்டும். பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத அளவுக்குக் குளிர் என்று சில நாட்கள் தொடர்ந்தால், இலையில் சீனி தேங்கிச் சிவப்பு ஏறும். மப்பும் மழையுமாக இருந்த வருடங்களில் இலை நிறம் பார்க்க அல்கொன்குயின் பூங்காவுக்குப் போய் ஏமாந்து வந்தவர்களுக்குக் காரணம் இது. அங்கே சீனி மேப்பிள் உச்ச நிறம் காட்டுவது செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் முதல் கிழமை. ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வருகிற நன்றி நவிலல் விடுமுறைக்குத்தான் போவோம் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்குப் பல வருடங்களில் கிடைப்பது நிலத்தில் கிடக்கும் நிறம்.

சாகப்போகிற இலைக்கு மரம் ஏன் சீனியைச் செலவழிக்கிறது? பச்சையம் குலையும் நேரத்தில் வெயில் இலையைச் சுட்டுவிடாமல் நிழல் கொடுக்கத்தான் என்பது தாவரவியலாளர் பலர் சொல்லும் விளக்கம். பூச்சிகளுக்கு மரம் காட்டுகிற எச்சரிக்கை என்று உயிரியலாளர்களான ஹமில்ட்டனும் பிரவுணும் 2001 இல் எழுதினார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு முதலாவதில்தான் நம்பிக்கை: ஒரே மரத்தில் வெயில் படுகிற தெற்குப் பக்கம் சிவந்தும் நிழல் பக்கம் மஞ்சளாகவும் நிற்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

இனி உதிர்வுக்கு வருவோம். இலைக்காம்பு கொப்போடு சேருகிற இடத்தில் உயிர்க்கலங்களாலான மெல்லிய ஒரு படை இருக்கிறது. இலை வேலை செய்யும்வரை இலையிலிருந்து ஒட்சின் என்னும் ஓமோன் கீழே ஓடிவந்து, அந்தப் படையை இறுக்கமாக வைத்திருக்கும். இலை முதிர ஒட்சின் வரத்துக் குறைகிறது. அப்போது எதிலீன் என்னும் வாயு மேலோங்குகிறது. யாழ்ப்பாணத்தில் குழிக்குள் வாழைக்குலையை வைத்துப் புகையடிப்பார்களே, பழுக்க வைப்பது புகையிலுள்ள இந்த எதிலீன்தான். அது வந்ததும் அந்தப் படையிலுள்ள கலங்கள் தங்களுக்கிடையிலான சுவரைக் கரைக்கும் நொதியங்களைச் சுரக்கின்றன. கொப்புப் பக்கத்தில் தக்கை போன்ற மூடி உருவாகிறது. கடைசியில் இலை ஒரு நூலில் தொங்குகிறது; காற்று செய்வது அந்தக் கடைசித் தட்டு மட்டும். விழுந்த இடத்தை உற்றுப் பாருங்கள். காயம் இல்லை, மூடின தழும்பு. அதற்குச் சற்று மேலே அடுத்த வருடத்து மொட்டு ஏற்கெனவே தயாராக நிற்கும். அது கோடையிலேயே உருவாகிவிட்டது.

கொப்பு கோடையில் செத்துப்போனால் இதில் எதுவும் நடக்காது. கலம் உயிரோடு இருந்தால்தானே நொதியம் சுரக்கும். ஜூலைப் புயலில் முறிந்து தொங்கின கொப்பைப் பாருங்கள்: மற்ற இலையெல்லாம் கொட்டி முடிந்து, பனியும் விழுந்த பிறகும் அதில் சுருண்ட மண்ணிற இலை அப்படியே இருக்கும். அதனால்தான் நான் மரத்தைச் சோதிக்க விரும்புவது நவம்பர் கடைசியில். ஏணி வேண்டாம், கருவி வேண்டாம். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்தக் கோடையில் பட்ட கொப்பு எது என்று மரமே காட்டித்தரும்.

இதற்கு விதிவிலக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நல்ல ஓக் மரங்களை வெட்டிவிடுவீர்கள். இளம் ஓக்கும் பீச்சும் உயிரோடு இருக்கும்போதே காய்ந்த இலையை வசந்தம்வரை வைத்திருக்கும். பனைகூட அப்படித்தான், காவோலை தானாகக் கழன்று விழக் காத்திருந்தால் நாள் போகும், ஏறி வெட்டவேண்டும். வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஓக்கில் மரம் முழுக்க, அல்லது கீழ்க்கொப்புகள் எல்லாவற்றிலும் சீராக இலை நிற்கும். ஒரேயொரு கொப்பில் மட்டும் நின்றால் அது வேறு கதை. சந்தேகமென்றால் சின்னக் குச்சி ஒன்றின் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர்.

இவ்வளவு பாடுபட்டு மரம் ஏன் இலையைக் கொட்டவேண்டும் என்று கேட்பவர்களுக்கு 2006 ஆம் ஆண்டு ஒக்டோபர் 12, 13 ஆம் திகதிகளில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் நடந்ததைச் சொல்வேன். இங்கிருந்து காரில் இரண்டு மணித்தியாலத்தில் போகக்கூடிய ஊர். இலை கொட்டமுன்னரே அரை மீற்றருக்கு மேல் ஈரப்பனி விழுந்தது. இலை ஒவ்வொன்றும் பனியை ஏந்திக்கொள்ள, நகரத்து மரங்கள் பாரம் தாங்காமல் ஆயிரக்கணக்கில் கிழிந்து விழுந்தன, மின்கம்பிகளையும் இழுத்துக்கொண்டு. இதே அளவு பனி ஜனவரியில் விழுந்திருந்தால் மொட்டைக் கொப்புகளுக்கிடையால் கீழே போயிருக்கும். அதோடு உறைந்த நிலத்திலிருந்து வேர் தண்ணீர் எடுக்க முடியாத மாதங்களில், தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கும் இலையை வைத்திருப்பது மரத்துக்கு நட்டம்.

ஊசியிலை மரம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளைப் பைன் தன் ஊசியை இரண்டு மூன்று வருடந்தான் வைத்திருக்கும். பழையவை செப்டெம்பர், ஒக்டோபரில் மஞ்சளாகி விழும். தண்டுக்குக் கிட்ட, உள்பக்கம் மட்டும் மஞ்சளானால் கவலை வேண்டாம். சீடர் வேலியும் அதேபோல. நுனி பழுப்பானால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். தமராக் என்னும் மரம் பைன் போலவே இருந்துகொண்டு எல்லா ஊசியையும் கொட்டிவிடும். ஜனவரியில் பார்ப்பவர் பட்டமரம் என்றே சொல்வார். வசந்தம்வரை பொறுங்கள்.

இப்போது உண்மையாகவே பயப்படவேண்டியவை. மேப்பிள் ஒன்று ஓகஸ்ட் நடுப்பகுதியிலேயே சிவந்தால், அதிலும் ஒரு பக்கம் மட்டும் சிவந்தால், அதை அழகென்று படமெடுத்துப் போடாதீர்கள். பெரும்பாலும் வேரில் பிரச்சினை. எங்கள் ஆட்களின் வீடுகளில் நான் அடிக்கடி காணும் காரணம் இன்ரலொக், அதாவது வாசலில் பதிக்கிற கல். மூன்றாவது காருக்கு இடம் வேண்டும் என்று வாசலை அகட்டும்போது, மரத்தின் ஒரு பக்க வேரை இயந்திரம் வெட்டிக்கொண்டு போகும். மரம் உடனே காட்டாது. இரண்டு மூன்று வருடம் கழித்து, அந்தப் பக்கக் கொப்புகள் மற்றதைவிட முந்திச் சிவக்கும். பிறகு இலை சின்னதாகும். பிறகுதான் கொப்பு படும். இன்ரலொக் போட்டவரை அப்போது எவரும் நினைப்பதில்லை. "மரத்துக்கு வயசு போட்டுது" என்பார்கள். அடுத்த காரணம், அடிமரத்தைச் சுற்றிக் கோபுரம்போல மரத்தூள் குவிப்பது. பட்டை ஈரத்தில் அழுகும், வேர் மேலே வந்து தண்டையே சுற்றி நெரிக்கும். தூள் தண்டில் முட்டக்கூடாது.

அஷ் மரம் இருந்தால் தனிக் கவனம். அஷ் மரத்தைக் குடைந்து கொல்லும் மரகதப் பச்சை வண்டு 2002 இல் டெட்ரொயிட், வின்ட்சர் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டு, 2007 இல் ரொறன்ரோவுக்கு வந்தது. நகரத்தில் அப்போது சுமார் 860,000 அஷ் மரங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. அஷ் இயல்பாகவே மற்ற மரங்களுக்கு முந்திக் கொட்டும், அதனால் இலையை வைத்து முடிவெடுக்க முடியாது. கோடையில் உச்சி ஐதாகுதா, பட்டையில் அரைவட்ட ஓட்டை இருக்கிறதா, மரங்கொத்தி பட்டையை உரித்திருக்கிறதா என்று பாருங்கள்.

நோர்வே மேப்பிள் இலையில் தார் தெறித்ததுபோல் கறுப்புப் பொட்டுகள் வருவது ஒரு பூஞ்சணம். பார்க்க அருவருப்பு, மரத்துக்கு ஒன்றும் ஆகாது. மருந்தடிக்கச் சொல்லி எவராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். அந்த இலைகளைக் கூட்டி அகற்றினால் அடுத்த வருடம் குறையும்.

மற்ற இலைகளைக் கடைசி ஒன்றுவரை கூட்டி அள்ளும் எங்கள் பழக்கம் எனக்குப் பிடிக்காது. முற்றம் கூட்டுவது எங்களுக்கு இரத்தத்தில் ஊறினது, அது தெரியும். புல்தரையில் தடிப்பாக மூடிக் கிடந்தால் புல் அழுகும்; புல்வெட்டியை மேலால் ஓட்டித் தூளாக்கிவிடுங்கள், அதுவே பசளை. மரத்தின் கீழும் செடிகளுக்கிடையிலும் கிடப்பதை விடுங்கள். நிலத்துக்குள் உறங்கும் பெரிய தேனீ ராணிகளும் இலைக்குள் கூடு கட்டிய அந்துப்பூச்சிகளும் குளிரைத் தாண்டுவது அதற்குக் கீழேதான். அள்ளியே ஆகவேண்டுமென்றால் கடதாசிப் பையில் போடுங்கள். பிளாஸ்ரிக் பையில் கட்டி வைத்தால் நகரசபை எடுக்காது. செப்டெம்பரில் நைதரசன் பசளை போடவேண்டாம், மரம் உறங்கப்போகும் நேரத்தில் இளந்தளிர் வந்து உறைபனியில் கருகும். அதற்குப் பதிலாக, இளமரங்களுக்கு நிலம் உறையும்வரை தண்ணீர் விடுங்கள். இலை இல்லாததால் தண்ணீரும் தேவையில்லை என்று நினைப்பது பிழை. வேர் இன்னும் விழித்திருக்கிறது.

நவம்பர் கடைசியில் காய்ந்த இலையோடு தனித்து நிற்கும் ஒரு கொப்பைக் கண்டால் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் வெட்டுவியுங்கள். ஓக் என்றால் கட்டாயம் குளிர்காலந்தான்: ஓக் வாடல் நோய் 2023 இல் நயாகரா ஃபோல்ஸில் உறுதியாகிவிட்டது, கோடையில் வெட்டின காயத்துக்குப் பூச்சிகள் அதைக் கொண்டுவரும். பட்ட கொப்பைக் கழிக்க ரொறன்ரோவில் அனுமதி தேவையில்லை. முழு மரத்தையும் தறிப்பதென்றால், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் தண்டின் விட்டம் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அனுமதி வேண்டும், மரம் உங்கள் வளவுக்குள் நின்றாலும்தான். மரம் பட்டுவிட்டது என்றாலும் தறிக்கமுன் நகரசபைக்குக் காட்டுங்கள். வீதியோரம் நிற்பது உங்கள் மரமே இல்லை, அதற்கு நகரசபையின் 311 இலக்கத்தை அழையுங்கள்.