ஸ்லைடு ஃபிலிம் என்னும் நேர்ப்படச் சுருள்

கேமராவுக்குள் ஓடிய அதே சுருள், கழுவி முடித்ததும், இயல்பான நிறங்களோடு ஒளி ஊடுருவும் படமாகக் கைக்கு வந்தால் அது ஸ்லைடு ஃபிலிம். நெகட்டிவ் (ஒளியும் நிழலும் இடம் மாறித் தெரியும் எதிர்ப்படம்) எடுத்து, அதிலிருந்து தாளில் பிரிண்ட் போடும் இடைப்படி இதில் கிடையாது. ஒளிப்பெட்டியின் மேல் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கலாம், புரொஜெக்டரில் ஏற்றித் திரையில் விழச் செய்யலாம். ரிவர்சல் ஃபிலிம், டிரான்ஸ்பரன்சி, குரோம் என்று இதற்கு வேறு பெயர்களும் உண்டு. எல்லோர் வாயிலும் புழங்குவது ஸ்லைடுதான். ஆனால் பொருளை விட்டு மிகவும் விலகி நிற்பதும் அதுதான்.

ஸ்லைடு என்றால் நழுவுவது, சறுக்குவது. சுருளில் எதுவும் நழுவுவதில்லையே என்று தோன்றும். பெயர் வந்த வழி பழையது. 1659 வாக்கில் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உருவாக்கிய, படத்தைத் திரையில் விழச்செய்யும் மாய விளக்கில், கண்ணாடியில் தீட்டிய சித்திரங்களை மரச்சட்டத்தில் பொருத்தி, விளக்குக்கும் லென்சுக்கும் நடுவே பக்கவாட்டில் தள்ளுவார்கள். அப்படித் தள்ளப்பட்ட துண்டுக்கு ஸ்லைடு என்று பெயர் நின்றது. 1850 வாக்கில் பிலடெல்பியாவில் இருந்த லாங்கன்ஹைம் சகோதரர்கள் சித்திரத்துக்குப் பதிலாகக் கண்ணாடியில் புகைப்படத்தையே பதித்தார்கள், பெயர் மாறவில்லை. பிறகு 35 மிமீ சுருளைத் துண்டு துண்டாக வெட்டி, 50 மிமீ சதுரச் சட்டத்தில் மாட்டும் வழக்கம் வந்தது. அதற்கும் அதே பெயர். ஆக, ஸ்லைடு என்பது சட்டத்தில் மாட்டிய கடைசித் துண்டின் பெயர். அதைத் தரும் சுருளுக்கு அது ஒட்டிக்கொண்டு வந்த பட்டம், அவ்வளவுதான்.

ஃபிலிம் என்ற சொல்லின் வேரோ தோலில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது உடலுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைக் குறித்தது. நம் 'படலம்' இதற்குச் சரியான ஜோடி: கண்ணில் விழுவதும் படலம், பாலின் மேல் படிவதும் படலம். (காப்பியத்தின் உட்பிரிவும் படலம்தான், அது வேறு கதை.) குரோம் என்பது நிறத்தைக் குறிக்கும் 'குரோமா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உடலின் மேற்பரப்பு, அதன் நிறம் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. தமிழில் 'மேனி' உடலையும் நிறத்தையும் ஒருசேரக் குறிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

குரோம் என்ற பின்னொட்டு நடைமுறையில் பயன்படும் குறிப்பும்கூட. கோடக்குரோம், எக்டாகுரோம், ஃபூஜிகுரோம் எல்லாம் ஸ்லைடு. கோடக்கலர், ஃபூஜிகலர் எல்லாம் நெகட்டிவ். பெட்டியின் மேல் இருக்கும் பெயரின் வாலைப் பார்த்தே இனத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் விதிவிலக்கும் உண்டு: 1936இல் வந்த அக்ஃபாகலர் நியூ (Agfacolor Neu), கலர் என்ற பெயரோடு வந்த ஸ்லைடு சுருள்.

சொற்களில் உண்மையைச் சொல்வது ரிவர்சல்தான். கழுவும் முறையில் முதலில் வருவது ஒரு கறுப்பு-வெள்ளை டெவலப்பர், அதாவது பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம். ஒளி பட்ட இடங்களில் வெள்ளி கறுத்து, சுருளுக்குள் ஒரு நெகட்டிவ் உருவாகிறது. அடுத்து, ஒளி படாமல் மிச்சமிருக்கும் வெள்ளி உப்பை வேதிப்பொருளால் தூண்டிவிட்டு, நிற டெவலப்பரில் இறக்குகிறார்கள். இந்தச் சுற்றில்தான் நிறச்சாயங்கள் பிறக்கின்றன. கடைசியில் வெள்ளி முழுவதையும் வெளுத்துக் கரைத்து எடுத்துவிட்டால் சாயம் மட்டும் நிற்கும். முதலில் பதிந்த எதிர்ப்படம் புரண்டு நேர்ப்படமாகிறது. புரட்டல் என்ற பெயருக்குக் காரணம் இதுதான். இன்றைய ஸ்லைடு சுருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான முறையின் பெயர் ஈ-6. அதில் முதல் டெவலப்பர் 38 டிகிரி செல்சியசில் 6 நிமிடம் நிற்க வேண்டும், அந்த வெப்பநிலை சற்று நகர்ந்தாலும் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

இயற்கையைப் படமெடுப்பவருக்கு இந்தப் புரட்டலில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒளி அதிகம் பட்ட இடம் ஸ்லைடில் என்னவாகும்? சாயமே இல்லாத வெறும் பிளாஸ்டிக்காகும். அருவியின் வெண்ணுரை, கொக்கின் முதுகு, வெயில் பட்ட மேகம் இவற்றில் ஒளி மிஞ்சினால் அங்கே மீட்பதற்கு ஒன்றுமே இருக்காது. நெகட்டிவில் இதற்கு நேரெதிர்: ஒளி கூடினால் அடர்த்தி கூடும், பிரிண்ட் போடுகிறவர் அதைத் தோண்டி எடுத்துவிடுவார். அதனால்தான் நெகட்டிவ் ஆட்கள் நிழலுக்கு அளக்கிறார்கள், ஸ்லைடு ஆட்கள் வெளிச்சத்துக்கு அளக்கிறார்கள். ஸ்லைடில் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) தவறுவதே கண்ணுக்குத் தெரியும். அது தாங்கும் ஒளி வேறுபாடும் சுமார் ஐந்தாறு ஸ்டாப்தான். வானமும் தரையும் ஒரே சட்டத்துக்குள் வரவேண்டும் என்றால், மேல்பாதி மட்டும் கறுத்த படிநிலை வடிகட்டி இல்லாமல் காலம் தள்ளுவது கடினம்.

இவ்வளவு முறுக்கு உள்ள சுருளை ஏன் தேடிப் போனார்கள்? படம் வெளியிடும் பத்திரிகைகளுக்கு மூலப்படமே கையில் கிடைத்தது, நிறம் இதுதான் என்று அதுவே சாட்சி சொன்னது. பிரிண்ட் போடுகிறவரின் ரசனை நடுவில் புகவில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. எந்தச் சுருளை மாட்டுகிறோமோ அந்தச் சுருளின் ரசனைதான் படத்தின் நிறம், பின்னால் மாற்ற வழியில்லை. சுருளைத் தேர்ந்தெடுப்பது இங்கே அவ்வளவு பெரிய முடிவு.

கோடக்குரோம் இதில் தனி ஜாதி. லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கொடாவ்ஸ்கி என்ற இரண்டு இசைக்கலைஞர்கள் கண்டுபிடித்து, 1935இல் சந்தைக்கு வந்தது. சாயத்தை உண்டாக்கும் பொருள் சுருளில் இருக்காது, கழுவும்போதுதான் சேர்க்கப்படும். அதனால் இருட்டில் வைத்தால் பல பத்தாண்டுகள் நிறம் மங்காது, ஆனால் கழுவுவது சில கூடங்களால் மட்டுமே முடிந்த வேலை. 2009இல் உற்பத்தி நின்றது. அதைக் கழுவிவந்த கடைசிக் கூடம், கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரில் இருந்தது, 2010 டிசம்பர் 30 வரை சுருள்களை வாங்கிக்கொண்டது.

1990இல் வந்த ஃபூஜியின் வெல்வியா 50 இயற்கைப் படக்காரர்களை அப்படியே இழுத்துக்கொண்டது. பச்சையும் சிவப்பும் கண்ணில் அறையும். மேகமூட்டமான காடு, விடியல் வானம், ஈரப்பாறை என மங்கிய ஒளியில் அது செய்யும் வேலைக்கு ஈடு இல்லை. நடுப்பகல் வெயிலில் மாட்டினால் நிழலெல்லாம் தார் பூசியதுபோல் ஆகிவிடும். மனித முகத்துக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஐஎஸ்ஓ (சுருளின் ஒளியுணர்வைச் சொல்லும் எண்) 50 என்று பெட்டியில் இருந்தாலும், கேமராவில் 40 என்று வைத்து எடுப்பவர்கள் நிறைய.

நிறம் அடக்கமாக வேண்டும் என்றால் ஃபூஜியின் புரோவியா 100எஃப். அதன் பலம் நீண்ட எக்ஸ்போஷர் (சுருளில் ஒளி விழும் நேரம்): 128 விநாடி வரை திருத்தமே வேண்டாம் என்கிறது தயாரிப்பாளரின் குறிப்பு. வெல்வியா 50இலோ 4 விநாடியிலேயே ஒளியைக் கூட்டவும் நிறவடிகட்டி போடவும் வேண்டும். அந்தி வெளிச்சத்தில் ஓடையை எடுப்பவருக்கு இந்த ஒரு வேறுபாடே போதும். 2012இல் நிறுத்தப்பட்டு 2018இல் திரும்பி வந்த எக்டாகுரோம் ஈ100, வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் சுருள். பறவை, விலங்கு என்று அசைவதைத் துரத்துகிறவர்கள்தான் பாவம். ஐஎஸ்ஓ 400 ஸ்லைடு சுருள்களின் உற்பத்தி நின்றுவிட்டதால், 100ஐ 200 என்று வைத்து எடுத்து, கழுவும்போது முதல் டெவலப்பரில் கூடுதல் நேரம் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. கான்ட்ராஸ்ட் (ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு) கொஞ்சம் ஏறும், பொறுத்துக்கொள்ளலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ரிவர்சலை அப்படியே பெயர்த்துப் 'புரட்டுப் படலம்' என்றால் பித்தலாட்டப் படம் என்று அர்த்தம் வந்துவிடும். 'தலைகீழ்ப் படலம்' என்றால் படம் கவிழ்ந்திருப்பதாக நினைப்பார்கள். ஸ்லைடுக்கு 'நழுவம்' பொருந்தவில்லை, நழுவுவதை இன்று யாரும் பார்ப்பதே இல்லை. 'படவில்லை' நல்ல சொல். வில்லை என்றதும் வட்டம் நினைவுக்கு வருவதும், கணினியில் காட்டும் ஸ்லைடுக்கும் அதே சொல் போய்விட்டதும் சின்னக் குறைகள். சட்டத்தில் மாட்டிய துண்டுக்குப் படவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். சுருளுக்கு என் தேர்வு 'நேர்ப்படச் சுருள்'. செயலைச் சொல்லாமல் விளைவைச் சொல்கிறது. நெகட்டிவுக்கு 'எதிர்ப்படச் சுருள்' என்று வைத்தால் இரண்டும் இணையாக நிற்கும். சட்டம் இல்லாத வெட்டுத் துண்டையும் பெரிய அளவுத் தகடுகளையும் சேர்த்துச் சொல்ல 'ஒளிபுகு படம்' இருக்கிறது. பேச்சில் ஸ்லைடு என்பதை விடவேண்டியதில்லை.

கழுவக் கொடுக்கும்போது மட்டும் எந்தச் சொல்லையும் நம்பாமல், உறையின் மேல் 'ஈ-6' என்று பெரிதாக எழுதிவிடுங்கள். நெகட்டிவ் சுருளுக்கான சி-41 ரசாயனத்தில் இறங்கிவிட்டால் நேர்ப்படச் சுருளும் எதிர்ப்படமாகவே வெளியே வரும், பச்சையும் மஞ்சளும் திரிந்துபோய். அந்த விபரீத நிறத்துக்காகவே வேண்டுமென்று அப்படிக் கழுவச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதற்குக் கிராஸ் பிராசஸ் என்று பெயர்.