சொல் விளக்கம்: சாம்பிள் ரேட் – மாதிரி வீதம்

ஒலியை எண்களாக்கிச் சேமிக்கும்போது அதன் வீச்சு செக்கனுக்கு எத்தனை தடவை அளக்கப்படுகிறதோ அந்தக் கணக்கே சாம்பிள் ரேட். சீடியில் அது 44,100. வீடியோவில் வழக்கமாக 48,000.

'சாம்பிள்' இலத்தீன் 'எக்செம்ப்ளும்' என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'வெளியே எடுத்தது' என்பது வேர்ப்பொருள். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து கொழும்புக்குப் போகும் சாம்பிளும் இதே சொல்தான். ஆனால் தேயிலைச் சாம்பிளைக் கொண்டு முழுப் பெட்டியையும் மீண்டும் உண்டாக்க முடியாது, ஒலியில் முடியும். ஒலியிலுள்ள மிக உயர்ந்த மீடிறனின் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்ற எண், ஹேர்ட்ஸில் சொல்வது) இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் அலையை முழுமையாக மீட்கலாம். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவே 40,000க்குச் சற்று மேலே வேண்டும். அது சரியாக 44,100 ஆனது, ஆரம்ப நாளில் டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில் பதிந்ததால்: படக் கோட்டுக்கு 3 மாதிரி, புலத்துக்கு (அரைப் படத்துக்கு) 245 கோடு, செக்கனுக்கு 60 புலம். பெருக்கிப் பாருங்கள்.

தமிழில் 'மாதிரி விகிதம்' என்றும் எழுதுகிறார்கள். நமது பாடசாலைக் கணிதத்தில் விகிதம் இரண்டு அளவுகளின் ஒப்பீடு; வட்டிக்கும் வேகத்துக்கும் சொல்வது வீதம். எனவே மாதிரி வீதமே பொருத்தம். 'அது மாதிரி' என்ற பேச்சு வழக்கோடு குழம்பும் இடத்தில் 'மாதிரியெடுப்பு வீதம்' என்று எழுதலாம். பிட் ரேட் வேறு சங்கதி, செக்கனுக்கு எத்தனை கிலோபிட் தரவு என்ற கணக்கு. 320 என்று எம்பி3க்குப் போடுவது அதுதான்.

இந்த எண் பிசகுவது, திருவிழாத் தப்பு மேளத்தையோ காமன் கூத்துப் பாட்டையோ போனில் வீடியோவாக எடுத்து, ஒலியை மட்டும் பிரித்துப் பாட்டில் சேர்க்கும்போது. 48,000இல் பதிந்ததை 44,100 என்று வாசித்தால் 4 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 21 செக்கனுக்கு நீளும். 2 கட்டையில் பாடியது 1க்கும் 1½க்கும் நடுவே விழும், ஹார்மோனியத்தின் எந்தக் கட்டையோடும் ஒட்டாது. தப்பு மேளம் மட்டும் என்றால் பலருக்குப் பிடிபடாது. அடி கனமாக விழுகிறது என்று மகிழ்ந்தும் போவார்கள்.

ஒலி திருத்தும் மென்பொருளான ஒடாசிட்டியில் இதற்கு இரண்டு இடங்கள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. ட்ராக்கின் பெயரை அழுத்தினால் வரும் 'ரேட்' எண்களைத் தொடாது. அவற்றை எந்த வேகத்தில் வாசிப்பது என்பதை மட்டும் மாற்றும். 'ட்ராக்ஸ்' மெனுவிலுள்ள 'ரீசாம்பிள்' எண்களையே புதிதாகக் கணக்கிடும், சுருதி மாறாது. சுருதி ஏற்கெனவே இறங்கியிருந்தால் முதலில் 'ரேட்'டை 48,000 ஆக்குங்கள். குரல் இயல்புக்கு வந்த பிறகே ரீசாம்பிள். வரிசை மாறினால் பிழை கோப்பிலேயே நிலைத்துவிடும்.

ரீப்பர் என்ற இன்னொரு ஒலிப்பதிவு மென்பொருளில் ஆல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் புரொஜெக்ட் வீதம் வரும். முடிவில் வீடியோவுக்குப் போகிற வேலை என்றால் தொடக்கத்திலேயே 48,000 வைப்பது நல்லது. ஒரு தடவைகூட மாற்ற வேண்டிவராது.

மாற்றத்தான் வேண்டும் என்றால் முன்னதாக ஒலி மட்டத்தை 2, 3 டெசிபெல் இறக்குங்கள். புதிய புள்ளிகள் பழைய உச்சத்தைத் தாண்டி விழலாம். தப்பு மேளம் போன்ற கூரான அடியில் அது கரகரப்பாகக் கேட்கும்.

வீதத்தை உயர்த்தினால் ஒலி தெளியும் என்பது வீண் நம்பிக்கை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்தது சுருக்கத்தில் இழந்த கூர்மையை 96,000 கொடுத்தாலும் திருப்பித் தராது. அனுப்புகிறவரிடம் மூலக் கோப்பையே 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தொலைபேசிக் குரல்போல் கேட்டால் கோப்பைக் குறை சொல்வதற்கு முன் புளூடூத் ஹெட்செட்டைப் பாருங்கள். அதன் மைக்கை மென்பொருள் திறந்ததும் இணைப்பு அழைப்பு முறைக்கு இறங்கி, பெரும்பாலும் 8,000 அல்லது 16,000 ஹேர்ட்ஸில் ஓடும். ஒலி உள்ளீட்டை வேறு மைக்குக்கு மாற்றினால் போதும்.