மக்கும் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மஞ்சி மில்லில், அதாவது தேங்காய் நார் ஆலையில், போன மாதம் விளக்கக் கூட்டம். டிவி பெட்டிக்குள் வரும் தெர்மாக்கோலுக்குப் பதிலாக விவசாயக் கழிவிலேயே பேக்கிங் செய்வது பற்றி. நல்ல விஷயம்தான். ஆனால் கையில் கொடுத்த நோட்டீசின் தலைப்பு 'உயிரிச்சிதைவுறு பொதிகலன்கள்'. பக்கத்தில் இருந்தவர் பல வருடமாகத் தேங்காய் மட்டையோடு புழங்குகிறவர். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, உயிரு எதுக்குங்க சிதையுது?"

என்னிடம் பதில் இல்லை. 'உயிர்ச்சேதம்' என்று தினமும் செய்தியில் படிக்கிறவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

அந்தத் தலைப்பு பயோடிகிரேடபிள் என்ற ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு. அதில் 'பயோ' கிரேக்கம், உயிர்வாழ்வு. 'கிராதுஸ்' லத்தீன், படி. நுண்ணுயிர்கள் ஒரு பொருளைப் படிப்படியாக இறக்கிவிடுவது என்று வைத்துக்கொள்ளலாம். 1960களில் சலவைத்தூள் நுரை மேலைநாட்டு ஆறுகளில் மிதந்து தொலையாமல் கிடந்தபோது பரவிய சொல். பிறப்புக் கதை அவ்வளவுதான்.

தமிழில் இதற்கு மக்கு என்ற வினை ஏற்கெனவே இருக்கிறது. எழுத்தில் மட்கு; வெட்கம் பேச்சில் வெக்கம் ஆவதுபோல மக்கு. சாணம் மக்கும், சருகு மக்கும். 'மக்கின எரு' என்று சொல்லாத தோட்டக்காரர் உண்டா?

உயிரிச்சிதைவுக்காரர்கள் இதை ஏற்பதில்லை. மக்கு என்றால் முட்டாள் என்றும் பொருள், சிரிப்பார்கள் என்பார் எனக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர். 'மக்கும் குப்பை' என்று எழுதிய பச்சைத் தொட்டியைப் பார்த்து இதுவரை யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. அவருடைய இன்னொரு வாதம், மக்கு என்பதில் 'பயோ' விட்டுப்போகிறதாம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சிதை என்றால் உருக்குலைந்து துண்டு துண்டாவது. தெர்மாக்கோல் தாராளமாகச் சிதையும்! பெட்டியைப் பிரித்தாலே வெள்ளை மணிகள் சட்டையில் ஒட்டிக்கொண்டு உதற உதற வரும். வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாகி வாய்க்காலில் போகும். ஆனால் மக்காது. நூற்றுக்கு 98 பங்கு காற்று, மீதி 2 பங்கு பாலிஸ்டைரீன். அந்த இரண்டுதான் வம்பு. சிதைவது வேறு, மக்குவது வேறு என்று நம் மொழி தானாகவே பிரித்து வைத்திருக்கிறது. தப்பான வினையை எடுத்துக்கொண்டு, அதைச் சரிக்கட்ட முன்னால் 'உயிரி' என்று ஒரு முட்டு கொடுப்பானேன்? மக்குவதில் நுண்ணுயிர் வேலை உள்ளேயே இருக்கிறது.

மஞ்சி மில்லில் இதை விளக்கவே வேண்டாம். அங்கே மலையாகக் குவியும் நார்க்கழிவு லேசில் மக்காது, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் அதில் அதிகம். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் வைத்துத்தான் மக்க வைப்பார்கள். கூட்டத்தில் சொன்ன பேக்கிங்கும் காளான் சமாச்சாரம்தான். கழிவை அச்சில் நிரப்பிக் காளான் இழையை ஓடவிட்டால், அது சில நாளில் வெள்ளையாகப் படர்ந்து எல்லாவற்றையும் கட்டிப் பிடிக்கும். பிறகு சூடேற்றி வளர்ச்சியை நிறுத்திவிடுவார்கள். அமெரிக்காவில் எக்கோவேட்டிவ் நிறுவனம் 2007இலேயே இந்த வழியில் இறங்கியது. சென்னை ஐஐடியும் வைக்கோல், மரத்தூள், நார்க்கழிவு, அட்டை என்று வைத்துப் பார்த்திருக்கிறது.

எல்லைக்கு இந்தப்புறம், கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில், எங்கள் வீட்டுக் குப்பைக்கு வேறு பெயர்: மக்குவது ஜைவம், மக்காதது அஜைவம். வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் அஜைவத்தைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அது மலையாளம், அவர்கள் வழக்கம். ஆனால் அதே மலையாளத்தில் நார்க்கழிவை 'சகிரிச்சோறு' என்கிறார்கள். சோற்றுக்கற்றாழையில் நாம் வைத்திருக்கும் அதே சோறு! மில் ஆட்கள் வைத்த பெயர் அப்படி இருக்கிறது, நோட்டீஸ் எழுதுகிறவர்கள் வைக்கும் பெயர் இப்படி இருக்கிறது. 'பொதிகலன்' மட்டும் என்ன, பேக்கிங் என்றோ, கடைக்காரர் சொல்லும் சிப்பம் என்றோ எழுதினால் கை வலிக்குமா?

சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கம்போஸ்டபிள் என்ற சொல்லுக்கும் மக்கும் என்றே போட்டால் குழப்பம்தான். சோளத்து மாவிலிருந்து வரும் சில பிளாஸ்டிக்குகள் 60 டிகிரிக்குப் பக்கத்தில் சூடுள்ள ஆலைக் குவியலில்தான் ஒழுங்காக மக்கும், குப்பைமேட்டில் அப்படியே கிடக்கும். கம்போஸ்டபிளுக்கு 'எருவாகும்' என்று வைத்துக்கொள்ளலாம். எந்தச் சூட்டில், எத்தனை நாளில் என்பதையும் கூடவே எழுத வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் நோட்டீசில் தலைப்பை அடித்து, 'மக்கும் பேக்கிங்' என்று எழுதிக் காட்டினேன். மில்காரர் தலையாட்டினார். ஆனால் அவர் கவலை வேறு. பேக்கிங்குக்கு ஆகும் என்று பேச்சில் அடிபட்ட கானோடெர்மா, தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோயைக் கொண்டுவருகிற காளான் இனமாயிற்றே! சூடேற்றிச் சாகடித்த பிறகுதான் வெளியே வரும் என்றேன். "அப்படீங்களா?" என்றவர் நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மக்கட்டுமுங்க. ஆனா நம்ம மரத்தடியில வேண்டாம்."