குதிரையின் கண்ணில் பூ விழும்போது

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பந்தயத்துக்காகக் குதிரையும் மட்டக்குதிரையும் வளர்ப்பவர்கள், கண் வெளுத்துப்போன குதிரையைப் பற்றிக் கேட்டால், ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த வெண்மை ஓர் அடையாளமே தவிர நோயன்று. கண்ணுக்குள் அழற்சி ஏற்பட்டாலும், கண்ணின் அழுத்தம் ஏறினாலும், கருவிழியில் புண் பட்டாலும் கருவிழி நீர்கோத்து வெளுக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதையும், ஒன்றைக் காக்கும் மருந்து மற்றொன்றில் பார்வையையே கெடுத்துவிடும் என்பதையும் குதிரை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

லென்ஸைச் சுற்றி வளையமாக அமைந்த சிலியரித் திசு ஓயாமல் ஒரு தெளிந்த நீரைச் சுரக்கிறது. அந்த நீர் கண்பாவை வழியாக முன்னறைக்கு வந்து, கருவிழியும் அதன் பின்னுள்ள பழுப்புத் திரையும் சேரும் கோணத்தில் இருக்கும் சல்லடை போன்ற திசுவின் வழியே வடிகிறது. சுரப்பும் வடிகாலும் ஈடாக இருக்கும்வரை குதிரைக் கண்ணின் அழுத்தம் ஏறத்தாழ 15 முதல் 30 மி.மீ. பாதரச அளவுக்குள் நிற்கும். குதிரையில் இந்த நீர் வேறு திசுக்களின் ஊடே கசிந்தும் கணிசமாக வெளியேறுவதால், தானாகத் தோன்றும் கண் அழுத்த நோய் அரிது. வந்தால் அது பெரும்பாலும் பழைய அழற்சியின் பின்விளைவே.

அந்த அழற்சி திரும்பத் திரும்ப வரும் இயல்புடையது. உலகெங்கும் குதிரைகள் பார்வை இழப்பதற்கு அதுவே முதன்மைக் காரணம். மனிதருக்கு எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமிக்கு இதில் பங்குண்டு. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் அக்கிருமி வாழ்வதால், ஐப்பசி மழைக்குப் பிறகு லாயத்தைச் சுற்றி நிற்கும் குட்டையைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. தொற்று தணிந்த பின்னும் உடலின் தற்காப்பு அணுக்கள் கண்ணின் திசுவையே தாக்கிக்கொண்டிருக்கும்; ஒவ்வொரு தாக்குதலும் ஒரு தழும்பை விட்டுச்செல்லும்.

வலியை முதலில் காட்டிக்கொடுப்பது இமைமயிர். குதிரைக்கு நேரெதிரே நின்று இரு கண்களையும் ஒப்பிட்டால், நலமான கண்ணின் மேலிமை மயிர் முன்னோக்கி நீட்டி நிற்பதும், வலிக்கும் கண்ணில் அது கீழ்நோக்கிச் சரிந்திருப்பதும் தெரியும். நீர் வடிதலும் வெளிச்சத்துக்குக் கூசுதலும் உடனிருக்கும்.

மருத்துவர் முதலில் ஃபுளோரசின் சாயம் இட்டுப் பார்ப்பார். கருவிழியில் பச்சையாகச் சாயம் ஒட்டினால் அங்கே புண் இருக்கிறது; அப்போது அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டு விடவே கூடாது, விட்டால் புண் உருகிக் கண் உடையக்கூடும். அதனால்தான் போன முறை மிஞ்சிய மருந்தை மறுபடி விடுவது ஆபத்தாகிறது. அடுத்து அழுத்தம் அளக்கப்படும். தலை தாழ்ந்திருந்தால் அளவு பொய்யாக ஏறும் என்பதால், மயக்கமருந்து கொடுத்த குதிரையின் தலையை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

அழற்சி மட்டும் இருக்கும் கண்ணில் அழுத்தம் வழக்கமாகக் குறைந்தே இருக்கும். புண் இல்லையென்றால் பிரெட்னிசோலோன் அல்லது டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு சொட்டும், வலியையும் அழற்சியையும் தணிக்கும் ஃபுளூனிக்ஸின் ஊசியும் தரப்படும். அட்ரோபின் சுருங்கிய கண்பாவையை விரித்து வலியைத் தணிப்பதோடு, பழுப்புத் திரை லென்ஸில் ஒட்டிக்கொள்ளாமலும் தடுக்கும். ஆனால் அது குடலின் அசைவையும் மந்தமாக்கும். சாணம் குறைகிறதா, வயிற்றுவலி தெரிகிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். வலியில் தலையை உதறும் குதிரைக்கு, மேலிமை வழியே மெல்லிய குழாய் பொருத்தி, அதன் மறுமுனையைப் பிடரிமயிரில் பின்னிவைத்து, கண்ணைத் தொடாமலே மருந்து செலுத்தலாம்.

தழும்பு வடிகாலை அடைத்து அழுத்தம் ஏறிவிட்டால் வழி மாறுகிறது. சுரப்பைக் குறைக்கும் டிமோலால், டோர்சோலமைடு ஆகிய மனிதருக்கான சொட்டு மருந்துகளே குதிரைக்கும் பயன்படுகின்றன. 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய மதுரையில் அவை கிடைப்பது கடினமன்று. எனினும் வீட்டுப் பெரியவரின் கண் அழுத்தத்துக்கு வாங்கிய லட்டனோபுரோஸ்ட் சொட்டைக் குதிரைக்கு விடலாகாது. அதனால் குதிரைக்கு நம்பத்தக்க பயன் இல்லை, அழற்சியையும் அது தூண்டக்கூடும். மருந்துக்கு அடங்காத கண்ணில் நீர் சுரக்கும் திசுவின் ஒரு பகுதியை லேசரால் செயலிழக்கச் செய்வதுண்டு.

பார்வை முற்றும் போய் வலி மட்டும் நிற்கும் கண்ணை அறுவை செய்து நீக்குவதே இரக்கமுள்ள சிகிச்சை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒற்றைக் கண்ணோடு குதிரை பழகிவிடும். பார்வையற்ற பக்கத்திலிருந்து நெருங்குபவர் முதலில் குரல் கொடுத்து, பிறகே கழுத்தில் கை வைக்க வேண்டும்.